பீங்கான் யானையின் வயிறு

ஒளித்துத் தின்னும் சாமர்த்தியம் எனக்குக் கிடையாது என்பது அறுபத்தெட்டு வயதில்தான் தெரிந்தது. அதற்குள் ஒரு பாவமும் செய்து முடித்திருந்தேன்.

இதயத்தில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டு விருத்தாசலம் திரும்பியதும், என் மனைவி சரோஜா சமையலில் எண்ணெயைச் சொட்டுக் கணக்காக்கினாள். உப்பை நிறுத்தியே விட்டாள். தனக்கென்று வேறு சமைக்கவில்லை. அவளும் அதையேதான் தின்றாள். எங்கள் தெருமுனையில் பரோட்டா உண்டு, பஜ்ஜி உண்டு, பேக்கரி உண்டு. கீரை வேண்டுமென்றால் ரயில் பாதையைத் தாண்டிச் சந்தைக்குப் போக வேண்டும். அவள் வெயிலில் போனாள். நான் டாக்டர் சொன்ன அரை மணி நேர நடைக்குப் போனேன். (நடந்தது பத்து நிமிஷம். மீதியெல்லாம் வடைக் கடை பெஞ்சில்தான்.)

தின்றது போதாமல் வீட்டுக்கும் கடத்தினேன். பீங்கான் தொழிற்கூடத்தில் களிமண் கலவையைச் சோதிக்கும் வேலையில் முப்பது வருஷம் இருந்தவன் நான். ஓய்வு பெற்றபோது கொடுத்த யானை பொம்மை கூடத்து அலமாரியில் நின்றது. அச்சில் வார்த்த யானைக்கு வயிறு காலி, அடியில் ஓட்டை. முப்பது வருஷத் தொழிலறிவு கடைசியில் மசால் வடையைப் பதுக்கத்தான் பயன்பட்டது.

ஆறு மாதம் கழித்து எடுத்த ரத்தப் பரிசோதனையில் கொழுப்பு ஏறியிருந்தது. டாக்டர் என்னைக் கேட்கவில்லை, அவளைக் கேட்டார்.

"என்னம்மா சமைச்சுப் போடறீங்க? இவரு பொழைக்க வேணாமா?"

"உப்புகூடப் போடறதில்லங்க சார்."

அவர் நம்பவில்லை. நான் சுவரில் மாட்டியிருந்த இதயப் படத்தை, நாளைக்குப் பரீட்சை என்பதுபோல உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்ததும் அவள் தாளிப்பதையும் விட்டுவிட்டாள்.

அந்த வாரம் திட்டக்குடியிலிருந்து மகள் வந்தாள். சுவரோரமாக எறும்புகள் வரிசையாகப் போவதைப் பார்த்துப் பின்னாலேயே போனாள். வரிசை யானையின் காலடியில் முடிந்தது. தூக்கினாள். எண்ணெய் ஊறிய தாளோடு மூன்று வடைகள் தரையில் விழுந்தன.

"யம்மா, இந்த யானையையும் டாக்டருகிட்ட காட்டணும்மா" என்று சிரித்தாள்.

சரோஜா குனிந்து வடைகளைப் பொறுக்கினாள்.

"அன்னிக்கு அவரு என்னைக் கேட்டாரே, அப்பவாச்சும் நீங்க சொல்லியிருக்கலாம்" என்றாள். அதன்பிறகு அதைப் பற்றிப் பேசவே இல்லை.

இன்றும் போன் செய்தால் மகள் முதலில் யானையின் உடம்பைத்தான் விசாரிக்கிறாள். எல்லோரும் சிரிக்கிறோம். வடைக் கடைப் பக்கம் நான் போவதில்லை. கொழுப்பு இறங்கிவிட்டது, கொஞ்சம் உப்பு சேர்த்துக்கொள்ளலாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். சரோஜா என் சாப்பாட்டில் சேர்க்கிறாள். தன் தட்டில் மட்டும் சேர்ப்பதில்லை. கேட்டால், "நாக்கு பழகிடுச்சுங்க" என்கிறாள்.