பலகையில் எழுதிய விலை

வாழ்நாளில் ஒரு கொச்சிக்காய், அதாவது ஒரு மிளகாய்கூட விற்காதவர்களிடம் வியாபாரம் படிக்கக் கூடாது. நான் நான்கு வருடம் படித்தேன். தொழில்முனைவுப் பாடத்தில் எனக்கு ஏ. "வேலை தேடாதீர்கள், வேலை கொடுங்கள்" என்று விரிவுரையாளர் வாராவாரம் முழங்குவார். (அவருக்கு நிரந்தர நியமனம், பென்ஷன் எல்லாம் உண்டு. அதைக் கேட்க எங்களில் ஒருவனுக்கும் மூளை இல்லை.)

அதனால் மாத்தளைக்குத் திரும்பியதும் வந்த வங்கி வேலைக் கடிதத்தைப் பார்த்துச் சிரித்தேன். மிளகுத்தூளைப் பளபளக்கும் பைகளில் அடைத்து விற்கப் போவதாக அறிவித்தேன். முப்பது வருடமாகத் தோட்டக்காரர்களிடம் மிளகு வாங்கும் வாப்பா ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"ஞாயித்துக்கிழமை வித்துப் பாருங்க மகன். வித்தா உங்க வழி. இல்லாட்டி திங்கக்கிழமை பேங்குக்குப் போறீங்க."

வாப்பா என்ன சந்தை ஆய்வு செய்தவரா? நான் செய்திருந்தேன். பக்கத்து ஊரான பல்லேபொலயில் வீட்டுக்கு வீடு மிளகுக்கொடி. ஆகவே மிளகின் அருமை தெரிந்த வாடிக்கையாளர்கள். (இதற்கும் ஏ கிடைத்திருக்கும்.)

அங்கே ரோட்டோரம் மேசை போட்டு, பெரிய பலகையில் சிங்களத்திலும் தமிழிலும் 'மிளகு, ஒரு கிலோ' என்று எழுதி, கீழே விலையையும் போட்டேன். அரை மணி நேரத்தில் வரிசை நின்றது. சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. முதலில் நின்ற பெண் மூட்டையை இறக்கி வைத்தார்.

"மல்லி, தராசு எங்க?" (மல்லி என்றால் சிங்களத்தில் தம்பி.)

"தராசு எதுக்கு அக்கா? பேக்கட்லயே கிராம் போட்டிருக்கு."

"அப்ப என் மூட்டைய எப்படி நிறுப்பீங்க?"

அப்போதுதான் பார்த்தேன், எல்லோரிடமும் மூட்டை. எங்கள் பக்கத்தில் ரோட்டோரம் மிளகு விலை எழுதி வைப்பவன் வாங்க வந்தவன். இது மாத்தளையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நான் எழுதியதோ தூள் விலை, வியாபாரிகள் கொடுப்பதைப் போல இரண்டு மடங்கு.

"நான் விக்க வந்தேன் அக்கா."

"எங்களுக்கா? மிளகா?"

சிரிப்பு வரிசையின் கடைசிவரை போனது. ஆட்டோ பிடித்து மூட்டை கொண்டுவந்த ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. "போர்டுல எழுதினா எடுக்கணும்" என்று மேசைமுன் உட்கார்ந்துவிட்டார். வாப்பாவைத்தான் கூப்பிட வேண்டியதாயிற்று. அவர் வந்து எல்லா மூட்டைகளையும் அன்றைய விலைக்கு எடுத்தார். ஆட்டோவில் வந்தவருடையதை மட்டும் என் விலைக்கு. என் பைகளை அவர் திரும்பியும் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை வங்கியில் சேர்ந்தேன். இன்றும் அங்கேதான். வருடாவருடம் அதே விரிவுரையாளர் தன் மாணவர்களுக்குத் தொழில்முனைவு பற்றிப் பேச என்னைக் கூப்பிடுகிறார். நானும் வெட்கமில்லாமல் டை கட்டிக்கொண்டு போய்ப் பேசுகிறேன். வீடு திரும்பினால் வாசலிலேயே வாப்பா கேட்கிறார்:

"இன்னைக்கு வித்தீங்களா மகன், வாங்கினீங்களா?"