மச்சானை விரட்ட ஓர் ஊர்வலம்

இன்று சாயங்காலத்துக்குள் மச்சானை ரயிலேற்றி அனுப்பவில்லை என்றால் தன் பெயர் அமில்காரே இல்லை என்று அமில்காரே சபதம் செய்தார். சபதத்தைப் படுத்துக்கொண்டேதான் செய்ய வேண்டியிருந்தது. எழுந்திருக்க முடியவில்லை. ஒரு வாரமாகச் சமையலறை பெஞ்சில் படுத்ததில் அவர் முதுகு பெஞ்சாகிவிட்டது.

உள்ளே அவருடைய கட்டிலில், அவருடைய தலையணையில், அவருடைய மச்சான் எவாரிஸ்தோ குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் மச்சானின் மனைவி பினூச்சா அதற்கு எசப்பாட்டு பாடிக்கொண்டிருந்தாள்.

எவாரிஸ்தோ இத்தாலியின் இதே ரோக்காவெர்னா மலையூரில் பிறந்தவர்தான். மீசை அரும்பிய வயதில் மலையிறங்கி, வடக்கே தூரினுக்குப் போய், கார் தொழிற்சாலையில் சேர்ந்து, தலை நரைத்து ஓய்வு பெற்றவர். தங்கச்சி எர்சீலியாவை இரண்டு நாள் பார்த்துவிட்டுப் போகிறேன் என்று வந்தார். இரண்டு நாள் என்பது தூரின் கணக்கில் எத்தனை நாளோ தெரியவில்லை.

அமில்காரேவும் சாதாரண ஆள் இல்லை. கீழே ரயிலடியிலிருந்து மேலே கோட்டை வாசல் வரை வளைந்து வளைந்து ஏறும் பஸ்ஸை வாழ்நாள் முழுக்க ஓட்டியவர். கோபத்துக்குப் பேர் போனவர். அவர் ஹாரன் அடித்தால் எதிரே வரும் லாரி மட்டுமல்ல, எதிரே இருக்கும் மலையும் ஒதுங்கும் என்று ஊரில் சொல்வார்கள். அந்த ஹாரனை வீட்டில் மட்டும் அவரால் அடிக்க முடிந்ததில்லை. எர்சீலியா ஒதுங்குகிற ரகம் இல்லை.

காப்பி நேரத்தில் நெருப்பு பற்றியது. வழக்கம்போல எவாரிஸ்தோதான் பற்ற வைத்தார். ரொட்டியை ஒரு கடி கடித்தார். முகத்தைச் சுளித்தார்.

"எர்சீலியா, ரொட்டியில உப்பே இல்லையேம்மா. எங்க தூரின்ல..."

அமில்காரே கையிலிருந்த கரண்டியை மேஜையில் போட்டார். "இந்த ஊர் ரொட்டியில எந்தக் காலத்துல உப்பு இருந்துச்சு மச்சான்? இதைத் தின்னுதானே வளந்தீங்க?"

"வளந்தேன் மாப்ளே. வளந்ததுக்கப்புறம்தானே ருசி தெரியுது!"

பினூச்சா சிரித்தாள். எர்சீலியாவும் சிரித்தாள். அமில்காரே எழுந்து பின்கட்டுக்குப் போனார். எர்சீலியா துணி காயப்போட அங்கே வந்ததும் குரலைத் தாழ்த்தி வெடித்தார்.

"எப்ப போறாங்க?"

"யாரு?"

"தூரின்!"

"மெதுவா பேசுய்யா. நாளைக்கு ரயில்னு சொன்னாங்க. இல்லாட்டி நாளை மறுநாள். உனக்கு என்ன, பெஞ்சுல நல்லாத்தானே தூங்குறே?"

"தினம் காலையில ரொட்டியில உப்பு இல்லன்னு சொல்றாரு. தினம் அதையே வளைச்சு வளைச்சுத் தின்னவும் தின்றாரு. ரோஷம் வேண்டாம்?"

"உப்பில்லாத ரொட்டியைத் தின்னா ரோஷம் எங்கேயிருந்துய்யா வரும்?"

"நானும் அதைத்தானே தின்றேன்? எனக்கு வரலையா?"

"உனக்கு அது ரோஷம் இல்ல, ரத்தக் கொதிப்பு. டாக்டர் சொல்லியிருக்காரு."

எர்சீலியா ஒரு போர்வையை உதறினாள். பிறகு எதையோ நினைத்துக்கொண்டவள்போல நின்றாள்.

"இந்தா, ஒண்ணு சொல்றேன் கேட்டுக்கோ. ஊரைச் சுத்திக் காட்டுறேன்னு அவங்களை வெளிய இழுத்துட்டுப் போயிடாதே. ஆகஸ்டு வெயில். அண்ணன் உடம்பு தாங்காது. மணிக்கூண்டுப் படியெல்லாம் ஏறினா அன்னைக்கே மூட்டையைக் கட்டிடுவாரு. வடக்கு மதில் பக்கமோ போகவே வேண்டாம், இடிஞ்ச வீடும் காத்துமா அங்க நிக்கவே முடியாது. பாவம், வீட்டுலயே இருக்கட்டும்."

அமில்காரேவின் காதில் விழுந்தது ஒன்றே ஒன்றுதான். அன்னைக்கே மூட்டையைக் கட்டிடுவாரு.

அவர் முகத்தில் ஒரு வாரத்துக்குப் பிறகு முதல் முறையாக வெளிச்சம் வந்தது. உள்ளே போனார். மச்சானின் தோளில் கை போட்டார்.

"மச்சான், தொப்பியை எடுங்க. சொந்த ஊருக்கு வந்துட்டு ஊரைப் பாக்காமப் போனா எப்படி?"

பின்கட்டிலிருந்து எர்சீலியா கத்தினாள். "யோவ்! நான் என்ன சொன்னேன்?"

"நீ சும்மா இரு! ஆம்பளைங்க பேசுறப்ப நடுவுல பேசாதே!" என்றார் அமில்காரே. கல்யாணமான நாளிலிருந்து இப்படி ஒரு வசனத்தை முழுசாக அவர் சொல்லி முடித்ததே இல்லை. இன்று முடித்தார். எர்சீலியா வாயை மூடிக்கொண்டாள். அப்போதே அவர் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

கோட்டை வாசலிலிருந்து மேலே போக நல்ல தெரு ஒன்று உண்டு. இரண்டு பக்கமும் நிழல். அமில்காரே அந்தத் தெருவைத் தவிர்த்தார். கழுத்தொடிச்சான் சந்து வழியாக மச்சானையும் பினூச்சாவையும் அழைத்துப் போனார். பழைய காலத்தில் எதிரிப் படை ஏறி வரக் கூடாதென்று செங்குத்தாகக் கட்டிய சந்து அது. எதிரிப் படை ஏறவில்லை. மச்சான் ஏறினார். மூச்சிரைக்க ஏறினார், சுவரைப் பிடித்துப் பிடித்து ஏறினார், ஆனால் ஏறிவிட்டார்.

"என்ன மச்சான், திரும்பிடலாமா?"

"வேண்டாம் மாப்ளே. தூரின்ல நாலாம் மாடியில வீடு, லிப்ட் வேலை செய்யாது. பழக்கம்தான்."

அமில்காரே பல்லைக் கடித்துக்கொண்டு நேரே மணிக்கூண்டுக்கு விட்டார். உள்ளே படி ஓர் ஆள் அகலம். எவாரிஸ்தோ ஒன்றரை ஆள் அகலம். பக்கவாட்டில் திரும்பி நண்டு மாதிரி ஏறினார். பின்னால் பினூச்சா தள்ளினாள். அதற்கும் பின்னால் ஊர் பார்க்க வந்த ஒரு கூட்டம் மாட்டிக்கொண்டது. உச்சிக்குப் போனதும் அமில்காரே அவர்களை வெண்கல மணிக்கு அடியில் நிறுத்தினார். சரியாக நடுப்பகல். மணி அடித்தது. மலையே நடுங்கியது. அமில்காரே மட்டும் முன்னெச்சரிக்கையாகக் காதைப் பொத்தியிருந்தார்.

அடித்து ஓய்ந்ததும் பினூச்சா கண்ணைத் திறந்தாள். "அண்ணே! நெஞ்சுக்குள்ளயே அடிச்ச மாதிரி இருந்துச்சு! இன்னொரு தடவை எப்ப அடிக்கும்?"

கீழே ஓட்டுக் கூரைகளும் மதிலும், அதற்கப்பால் ஆலிவ் தோப்புகளும் வெயிலில் மின்னின. அமில்காரே இங்கே ஏறிப் பல வருஷம் ஆகிவிட்டது. ஒரு கணம் அவரும் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டார். பிறகு நின்றதற்காகத் தன்மேலேயே கோபம் வந்தது. அந்தக் கோபத்தை ஊரின் மேல் திருப்பினார்.

"அதோ தெரியுதே இரும்புக் கொக்கி, அதுலதான் துரோகிகளைக் கூண்டோட தொங்கவிட்டாங்க! எதுக்கு? வந்தவன் போகாம உக்காந்துக்கிட்டா வேற என்ன செய்றது? பக்கத்து ஊர்ப் பிரபு விருந்தாளியா வந்தான். ஒரு மாசம் தின்னான். நம்ம ஆளுங்க பாத்தாங்க. இந்த ஜன்னல் வழியாத்தான் தூக்கிப் போட்டாங்க! கொதிக்கிற எண்ணெயை மேலயிருந்து ஊத்தினாங்க!"

"விழுந்தவன் மேலயா?" என்றாள் பினூச்சா.

"பின்னே? சந்தேகம் இருக்கக் கூடாதில்ல!"

பின்னால் கைதட்டல் கேட்டது. ஊர் பார்க்க வந்த கூட்டம் முழுவதும் அவரைச் சுற்றி நின்றிருந்தது. ரோமிலிருந்து வந்த ஒரு டீச்சரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இவ்வளவு உணர்ச்சியோட யாரும் சொல்லிக் கேட்டதே இல்லைங்க. அடுத்து எங்க போறோம்?"

"நீங்க எங்கேயும் போகலை!" என்று கத்தினார் அமில்காரே. கூட்டம் அதற்கும் கைதட்டியது. பிறகு அவர் பின்னாலேயே இறங்கியது.

பெரிய கோயிலுக்கு அடியில் இருக்கும் நிலவறைக்கு அழைத்துப் போனார். புனிதர் ஒருவரின் காய்ந்துபோன கை கண்ணாடிப் பெட்டியில் இருக்கும். பார்த்தால் பினூச்சா மயங்கி விழுவாள் என்று கணக்குப் போட்டார். பினூச்சா அந்தக் கையைப் பார்த்து, தன் மாமியார் கை மாதிரியே இருக்கிறது என்று சொல்லி சிலுவை போட்டுக்கொண்டாள். எவாரிஸ்தோவோ குளிர்ந்த கல் திண்டில் உட்கார்ந்து, "ஆகா, என்ன குளிர்ச்சி மாப்ளே! வெயில்ல இங்க கூட்டிட்டு வரணும்னு உனக்குத்தான் தோணும்" என்று நெகிழ்ந்தார்.

அமில்காரே கடைசி அஸ்திரத்தை எடுத்தார். பட்டினி. மத்தியானம் ஊரில் எல்லாக் கடையும் மூடிவிடும். பசி வந்தால் மனுஷனுக்கு ரயில் ஞாபகம் வரும். ஆனால் பன்றிக்கறிக் கடை செத்தீமியோ ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, அமில்காரேவுக்குப் பின்னால் வருகிற கூட்டத்தைக் கண்டுவிட்டான். இழுத்து மூடிய கதவைப் படாரென்று திறந்தான்.

"அமில்காரே அண்ணே! இத்தனை பேரைக் கூட்டிட்டு வந்தீங்களே, தெய்வம் நீங்க!"

"மூடுடா கதவை!"

"முதல்ல உங்க மச்சானுக்குத்தான்!" என்று உப்பில் ஊறிக் காய்ந்த தொடைக்கறியை மெல்லிசாகச் சீவி, ரொட்டிக்குள் வைத்துக் கொடுத்தான்.

எவாரிஸ்தோ கடித்தார். மென்றார். நின்றார். "மாப்ளே, இப்பத்தான் புரியுது. கறியில இவ்வளவு உப்பு இருக்கே, ரொட்டியில எதுக்கு? நம்ம ஆளுங்க முட்டாளுங்களா என்ன? தூரின்காரனுக்கு இது தெரியாது."

அமில்காரேவுக்கு வாய்விட்டு அழலாம் போலிருந்தது. ஒரு வாரமாகப் பொத்திப் பொத்தி வளர்த்த கோபம். அதற்கு அடிப்படையே இந்த ரொட்டிதான். அதையும் மச்சான் மென்று விழுங்கிவிட்டார்.

மிச்சமிருந்தது வடக்கு மதில். கூட்டத்தைக் கறிக்கடையிலேயே உதறிவிட்டு இருவரையும் அங்கே இழுத்துப் போனார். ஆளில்லாத தெரு. மதிலை ஒட்டி ஒரு பழைய வீடு. ஜன்னல் கதவு ஒரு கீலில் தொங்கியது. சுவரில் செடி முளைத்திருந்தது.

"பாத்துக்குங்க!" என்று இரைந்தார் அமில்காரே. "இதுதான் நம்ம ஊரு! குளிர்காலத்துல மூடுபனி வந்தா எதிர் வீடு தெரியாது. காத்து ஆளைத் தூக்கும். சினிமா இல்ல, கடைத்தெரு இல்ல. ஒரு சத்தம் கிடையாது, ஒரு வண்டி கிடையாது. மனுஷன் இருப்பானா இங்க?"

"சத்தமே கிடையாதா?" என்றாள் பினூச்சா.

"கிடையாது!"

"வண்டியும்?"

"வராது!"

பினூச்சா எவாரிஸ்தோவைப் பார்த்தாள். எவாரிஸ்தோ தொப்பியைக் கழற்றிவிட்டு மதிலில் சாய்ந்து பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாப்ளே," என்றார் பிறகு. "நான் இங்க பொறந்தவன். ஆனா இந்த ஊரை ஒரு நாளும் பாத்ததில்ல. சின்ன வயசுல வேலை, அப்புறம் ரயில். ஒருத்தரும் என்னைக் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய் இதைப் பாரு, அதைப் பாருன்னு சொன்னதில்ல. நீ சொன்னே. அதுவும் அடிவயித்துலேருந்து சொன்னே."

அமில்காரே மதிலை ஓங்கி ஓர் உதை விட்டார். கால்தான் வலித்தது. அதுவே அவரை இன்னும் கோபமாக்கியது.

வீட்டுக்குத் திரும்பியபோது வெயில் தாழ்ந்திருந்தது. எர்சீலியா நிழலில் நாற்காலி போட்டுக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். பகல் முழுக்கத் தூங்கி எழுந்த முகம்.

"என்னண்ணே, வேண்டாம்னு இவருகிட்ட சொன்னேனே, கேட்டாரா? உடம்பு நொந்துடுச்சா? நாளைக்கே ரயிலா?"

"ரயிலாவது!" என்றார் எவாரிஸ்தோ. "எர்சீலியா, அந்த வடக்கு மதில் வீடு யாருதும்மா? விப்பாங்களா?"

அமில்காரே வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

"அட, அதுவா?" என்று ஆச்சரியப்பட்ட எர்சீலியா, ஏப்ரன் பையிலிருந்து துருப்பிடித்த பெரிய சாவி ஒன்றை எடுத்து அண்ணன் கையில் வைத்தாள். "வேணும்னா உள்ள போய்ப் பாருங்களேன்."

அண்ணனும் அண்ணியும் சின்னப் பிள்ளைகள்போல மறுபடியும் ஓடினார்கள். அவர்கள் தலை மறைந்ததும் அமில்காரே வெடித்தார். இந்த முறை ஹாரன் முழுசாக அடித்தது.

"சாவி உன் பையில எப்படிடி வந்துச்சு?"

"அந்த வீட்டுக்காரம்மா மககிட்ட பனிக்காலத்துலயே பேசி வாங்கி வச்சேன்."

"அப்போ காலையில போகாதே போகாதேன்னியே!"

"போகச் சொன்னா போயிருப்பியா?"

"உங்க அண்ணனை இங்க வச்சுக்கணும்னா நீயே கேட்டிருக்கலாமில்ல? ஏன் என்னை வெயில்ல நாயா அலைய விட்டே?"

எர்சீலியா குனிந்து ஏப்ரனை நீவிக்கொண்டாள். "வருஷா வருஷம் போன்ல கேட்டேன்யா. தங்கச்சி பாசத்துல சொல்லுதுன்னு சிரிச்சுட்டு வச்சுடுவாரு. எனக்கும் இந்த ஊர்ல வேற யாரு இருக்கா? வாயைத் திறந்தா கத்துற ஒரே ஒரு ஆளு." பிறகு நிமிர்ந்தாள். "நீ அன்பா சுத்திக் காட்டினா எப்படிக் காட்டுவேன்னு எனக்குத் தெரியாதா? ஒரு கோயிலு, அப்புறம் காப்பிக்கடை, அப்புறம் சீட்டாட்டம். கோபம் வந்தாத்தான் ஒரு கல்லு விடாமக் காட்டுவே."

"நான் வீட்டை விட்டே போறேன்!"

"போயேன். அந்த வீடு பூசி முடியுற வரைக்கும் அண்ணன் இங்கதான் இருக்கணும். இடம் கிடைக்கும்."

அமில்காரே நாற்காலியை உதைத்தார். கதவை அறைந்தார். மறுபடி திறந்து மறுபடி அறைந்தார். கழுத்து நரம்பு புடைத்தது. எர்சீலியா அவரை மேலும் கீழும் பார்த்தாள். திருப்தியாகத் தலையாட்டினாள்.

"கோபம் நல்லா ஏறியிருக்கு. இது இறங்குறதுக்குள்ள நம்ம ரூம்ல நிக்கிற அந்தக் கனத்த மர பீரோவைத் தூக்கிட்டுப் போய் அண்ணன் வீட்டுல வச்சுட்டு வந்துடு."