ஆறாவது வரிசையில் காந்தாவுக்கு என்னைத் தெரியவில்லை

இந்தூர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மைத்துனன் பிரேமுக்கு,

மாமா கோதண்டம் எழுதுவது. கோவிலம்பாக்கத்தில் நீயும் புஷ்பலதாவும் சௌக்கியமாக இருப்பீர்கள். நாங்களும் சௌக்கியம் என்று எழுதத்தான் ஆசை.

மகள் சரிதாவின் வளைகாப்புக்கு நானும் உன் அக்கா காந்தாவும் தாம்பரத்திலிருந்து நிம்மதியாக ரயிலில் வந்திருப்போம். "ரயில் எதுக்கு மாமா? புதுசா ஒரு ஃப்ளைட் விட்டிருக்கான், டிக்கெட் சும்மா மாதிரி" என்று டிக்கெட் போட்டுக் கொடுத்தவன் நீ. அந்தக் கம்பெனியின் பெயரை எழுதவே கை கூசுகிறது. கவுன்டரில் பெட்டி எடை கூடுதல் என்றார்கள். நான் காந்தாவின் பெட்டியைத் திறந்து, வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும் புடவைகளைக் கலைத்து, மகளுக்காக அவள் அடுப்படியில் வெந்து செய்த அதிரச டப்பாவை எடுத்து, டிராலி தள்ளுகிறவரிடம் கொடுத்தேன். "உங்க பி.பி. மெஷினை எடுக்கறதுதானே?" என்றாள். "அது மெடிக்கல் ஐட்டம்டி" என்றேன். அதோடு பேச்சு நின்றது.

உள்ளே போனால் அவளுக்கு ஆறாவது வரிசை ஜன்னலோரம், எனக்குக் கடைசி வரிசை, டாய்லெட்டை ஒட்டிய நடு சீட்டு. சேர்ந்து உட்காரத் தனியாகக் கட்டணமாம், நீ கட்டவில்லையாம். முழங்காலை மடக்க இடமில்லை, சீட்டு சாயவில்லை, தண்ணீருக்கும் காசு. பொறுக்காமல் எழுந்து போய், காந்தாவுக்குப் பக்கத்தில் இருந்த ஜெனி என்ற பெண்ணிடம், "இவங்க என் ஒய்ஃப்மா, கொஞ்சம் இடம் மாத்திக்கலாமா?" என்று பணிவாகத்தான் கேட்டேன்.

அவள் திரும்பி, "ஆன்ட்டி, இவர் உங்க ஹஸ்பண்டா?" என்றாள்.

உன் அக்கா என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். "தெரியலையேம்மா. வயசானவரு, பாவம், இடம் தெரியாம வந்துட்டாரு போல."

பிரேம், எனக்கு மூச்சே நின்றுவிட்டது. "ஏய் காந்தா, விளையாடாதே! வளைகாப்புக்குத்தானே போறோம்!" என்று கத்தினேன். "யாருக்கு வளைகாப்பு?" என்றாள். அதற்குள் பணிப்பெண் வந்து என் முழங்கையைப் பிடித்து, குழந்தையைக் கூட்டிப்போவது போல நடத்திக்கொண்டு வந்து உட்கார வைத்தாள். பக்கத்து சீட்டுக்காரர் காதருகே குனிந்து, "சார், உங்க பேராவது ஞாபகம் இருக்கா?" என்றார். காசுக்கு விற்கிற தண்ணீரை எனக்கு மட்டும் இலவசமாகக் கொடுத்தார்கள்.

இறங்கினால் வாசலில் சக்கர நாற்காலி! வேண்டாம் என்று நான் சொல்லச் சொல்ல எல்லோருமாகச் சேர்ந்து உட்கார வைத்தார்கள். அப்போதுதான் காந்தா வந்தாள். கைப்பை, தோள்பை, வளையல் பெட்டி எல்லாவற்றையும் என் மடியில் அடுக்கிவிட்டு, "இவரு எங்க வீட்டுக்காரர்தான். தள்ளுங்க" என்றாள். வெளியே காத்திருந்த சரிதா நான் வந்த கோலத்தைப் பார்த்து, வயிற்றுப் பிள்ளைக்காரி, "அப்பாவுக்கு என்னாச்சு?" என்று அலறிவிட்டாள். அவளைத் தேற்றுவதற்குள் எனக்கு பி.பி. ஏறிவிட்டது.

ஆகவே திரும்பி வருவதற்கு நீ போட்ட விமான டிக்கெட்டை உடனே ரத்து செய். ரயிலில் நின்றுகொண்டு வந்தாலும் வருவேனே தவிர அதில் ஏற மாட்டேன்.

புஷ்பலதாவுக்கு எங்கள் ஆசி. உனக்கு இப்போதைக்கு இல்லை.

இப்படிக்கு,
கோதண்டம்

பி.கு.: ரத்து செய்யாதே. உன் அக்கா இதைப் படித்துவிட்டாள். ஃப்ளைட்டில்தான் வருவாளாம், ஜன்னலோரமாம், எனக்குத் தள்ளியே சீட்டு போடச் சொல்கிறாள். "கல்யாணமானதிலேர்ந்து அன்னிக்குத்தான் ரெண்டு மணி நேரம் முழுசா யாரும் எங்கிட்ட காபி கேக்கலை" என்கிறாள். நானும் சரி என்றுவிட்டேன். வெளியே சொல்லாதே, அந்தக் கடைசி வரிசையில் என்னை எல்லோரும் ரொம்ப நன்றாகப் பார்த்துக்கொண்டார்கள்.