ஆலைமேட்டுச் சண்டையில் வென்றது யார்?

திங்கட்கிழமை முடியும்வரை நாற்காலியை விட்டு எழுந்திருப்பதில்லை என்று எவ்ஸ்தாதி முடிவு செய்துவிட்டார். அரசாங்கம் கவிழட்டும். தன்யூப் நதி பொங்கிப் பல்கேரியாவின் வீதின் நகரத்துக்குள் வரட்டும். மூன்றாம் மாடியில், கணினிக்கு முன்னால், அவர் அசையாமல் இருப்பார்.

காரணம் இல்லாமல் இல்லை. செர்பியர்களோடு நடந்த பழைய போரில் ஆலைமேடு என்று ஓர் இடம். பனிமூட்டத்தில் இரண்டு படைகளும் அரைநாள் கண்மண் தெரியாமல் சுட்டுக்கொண்டன. பிறகு இரண்டுமே ஜெயித்ததாகச் சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டன. அதில் சுட்டவர்களில் ஒருவர் எவ்ஸ்தாதியின் கொள்ளுத்தாத்தா. உலகம் அந்தச் சண்டையை மறந்தேவிட்டது. எவ்ஸ்தாதி விடவில்லை. குடிநீர் வாரியத்திலிருந்து ஓய்வு பெற்றதும் இணையக் கலைக்களஞ்சியத்தில் அதற்கொரு கட்டுரை எழுதினார். அங்கே எழுதுகிறவர்களுக்குச் சம்பளம் கிடையாது, நன்றி கிடையாது. சண்டை மட்டும் தாராளமாகக் கிடைக்கும்.

திங்களன்று அந்தச் சண்டையின் ஆண்டு நாள். கலைக்களஞ்சியத்தின் முதல் பக்கத்தில், ‘இன்றைய நாளில்’ என்ற பகுதியில், அவருடைய கட்டுரை வரப்போகிறது. கட்டுரையின் தலைமாட்டில் ‘முடிவு: பல்கேரிய வெற்றி’ என்று இருக்க வேண்டும். அவருக்கு வாழ்க்கையில் இப்போதைக்கு வேறு ஆசை இல்லை.

எதிரி ஒருவன் இருந்தான். ‘மொராவா ஓநாய்’ என்று பெயர் வைத்துக்கொண்டு செர்பியாவில் எங்கோ உட்கார்ந்திருந்தான். ‘பல்கேரிய வெற்றி’யை அழித்துவிட்டு ‘முடிவு தெரியாத சண்டை’ என்று எழுதுவது அவன் வேலை. அதை அழித்துப் பழையபடி ஆக்குவது இவர் வேலை. சனிக்கிழமை காலையில் மட்டும் இருவரும் ஆளுக்கு மூன்று முறை அதைச் செய்துவிட்டார்கள். அதற்குமேல் செய்ய முடியாது. ஒரு நாளில் மூன்று முறைதான் அடுத்தவர் மாற்றியதை அழித்துப் பழையபடி மீளமைக்கலாம். நாலாவது முறை கை வைத்தால் நிர்வாகிகள் வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிடுவார்கள்.

“எவ்ஸ்தா, குடமிளகா வந்திருக்கு,” என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. அவர் மனைவி ரதோஸ்வேதா.

“வரட்டும்.”

“நாலு மூட்டை.”

“நல்லது.”

“அது தானா சுட்டுக்கிட்டு, தானா தோலுரிச்சுக்கிட்டு, தானா பாட்டில்ல போய் உக்காராது.”

“ரதா, இங்க ஒரு தேசத்தோட மானம் போய்க்கிட்டிருக்கு.”

“குளிர்காலத்துல ரொட்டியில தடவிக்க அந்த மானத்தையா குடுப்ப? செர்பியாவுலயும் இப்ப எல்லா வீட்லயும் மிளகாதான் சுடறாங்க. அந்த ஆளு மட்டும் எப்படி உக்காந்திருக்கான்?”

“அவன் பொண்டாட்டி தேசபக்தி உள்ளவ.”

பதில் வரவில்லை. இந்தச் சுற்று தனக்குத்தான் என்று எவ்ஸ்தாதி எடுத்துக்கொண்டார். ரதோஸ்வேதா அந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் நிர்வாகி. படிக்கட்டுக்கு என்ன வண்ணம் அடிப்பது என்று ஒன்றுக்கொன்று பேசாத குடும்பங்களையெல்லாம் உட்காரவைத்து ஒத்துக்கொள்ள வைத்தவர். அப்படிப்பட்டவர் பேச்சை நிறுத்தினால் கொஞ்சம் பயப்பட வேண்டும். அவர் பயப்படவில்லை.

அப்போதுதான் அந்த அக்கிரமம் நடந்தது. ஓநாயின் கூட்டாளி ஒருவன் புதிதாக முளைத்து, வெற்றியை அழித்துவிட்டுப் போனான். எவ்ஸ்தாதிக்கு மூன்றும் தீர்ந்துவிட்டது. கையைப் பிசைந்தார். கூட்டாளிக்குக் கூட்டாளிதான் மருந்து. நாற்காலி விரதத்தை அங்கேயே முறித்துக்கொண்டு சமையலறைக்குப் போனார்.

“ரதா, ஒரு சின்ன உதவி. நீ ஒரு கணக்குத் தொடங்கணும்.”

“பேங்க்லயா?”

“கலைக்களஞ்சியத்துல. என் பக்கம் நின்னு ஒரே ஒரு மாத்து மாத்தணும்.”

“இது ஆளக் கூட்டிட்டு வந்து கை தூக்க வைக்கிற வேலையாச்சே. ஏழாம் வீட்டுக்காரர் மச்சானைக் கூட்டிட்டு வந்தப்ப நம்ம கூட்டத்துலேர்ந்து நான் வெளிய அனுப்பினேன்.”

“அது படிக்கட்டுக்கு வண்ணம் அடிக்கிற விஷயம். இது சரித்திரம்.”

ரதோஸ்வேதா கையைத் துடைத்துக்கொண்டார். “சரி. ஆனா விதியெல்லாம் சொல்லிக் குடு. தெரியாம நான் எதையும் தொடமாட்டேன்.”

சொல்லிக்கொடு என்று எவ்ஸ்தாதியிடம் யாரும் கேட்டு வெகுகாலமாகிவிட்டது. உச்சி குளிர்ந்துபோனார். ஆதாரம் என்றால் என்ன, பேச்சுப் பக்கம் எதற்கு, புகார் செய்யும் பக்கம் எங்கே இருக்கிறது, எல்லாவற்றையும் பிரசங்கம் மாதிரி சொன்னார். ரதோஸ்வேதா தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

“நாலாவது தடவை யாரோடத அழிச்சாலும் தப்பா? இல்ல, எதிரியோடது மட்டுந்தானா?”

“யாரோடதா இருந்தாலும் நாலு நாலுதான். பெத்த அம்மா எழுதினத அழிச்சாலும் தள்ளி வெச்சிருவான்.” அந்தக் கடுமையில் அவருக்கே ஒரு பெருமை.

ரதோஸ்வேதா ‘மூன்றாம் மாடி’ என்ற பெயரில் கணக்குத் தொடங்கினார். கைபேசியில் கொஞ்ச நேரம் தட்டினார். “முடிஞ்சுது,” என்று சொல்லிவிட்டுப் பால்கனிக்கு மிளகாய் சுடப் போய்விட்டார்.

எவ்ஸ்தாதி ஓடிவந்து பார்த்தார். முடிவு: பல்கேரிய வெற்றி. கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷம் இவளைக் குறைவாக எடைபோட்டுவிட்டோமே என்று உண்மையாகவே வருந்தினார். காபியை ஒரு வாய் குடித்துவிட்டுக் கீழே படித்தார். குடித்த காபி மூக்கில் ஏறியது.

“ரதா, இது என்ன குதிரை?”

“எந்தக் குதிரை?” பால்கனியிலிருந்து புகையோடு சேர்ந்து குரல் வந்தது.

“‘வீரம் மிக்க குதிரைப்படை பாய்ந்து வந்தது’ன்னு எழுதியிருக்க. என் கொள்ளுத்தாத்தா காலாட்படை. நடந்து போனவர்.”

“நடந்து போய் ஜெயிச்சார்னா பாக்கவே நல்லால்ல. அதான் குதிரை குடுத்தேன்.”

“அதெல்லாம் நீ குடுக்க முடியாது. உடனே எடு.”

“கை பூரா மிளகாத் தோலு. இந்த மூட்டை முடியட்டும்.”

“எப்ப முடியும்?”

“நீ வந்தா சீக்கிரம் முடியும்.”

வேறு யாராக இருந்தாலும் எழுந்து போய் ஒரு மூட்டை உரித்துக்கொடுத்திருப்பார்கள். போர் வரலாறு எழுதுகிறவர்கள் வேறு ரகம். தோற்றதைக்கூடப் பொறுத்துக்கொள்வார்கள், காலாட்படையைக் குதிரையில் ஏற்றினால் தாங்கமாட்டார்கள். எவ்ஸ்தாதி கணினியை மூடினார். ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தார். கணினியைத் திறந்தார். குதிரை அங்கேயே நின்றது. உலகமே அதைப் படித்துச் சிரிப்பதாக அவருக்குத் தோன்றியது. உண்மையில் அந்தக் கட்டுரையை அவரும் ஓநாயும் தவிர ஒருவரும் படிப்பதில்லை. ஆனாலும் உடம்பெல்லாம் அரித்தது. கை தானாக நீண்டது. ‘மீளமை’யை அமுக்கிவிட்டது.

குதிரை போய்விட்டது. அப்பாடா என்று சாய்ந்து, மிச்சக் காபியை அரைமணி நேரம் ரசித்துக் குடித்தார்.

பிறகுதான் கட்டுரையின் தலைமாட்டைப் பார்த்தார். ‘முடிவு தெரியாத சண்டை’ என்று இருந்தது. ரதோஸ்வேதா வெற்றியையும் குதிரையையும் ஒரே மாற்றமாகச் செய்திருந்தார். ஒன்றை மீளமைத்ததில் இரண்டும் போய்விட்டன. கடைசியாக மாற்றியவர் என்று அந்தப் பக்கத்தின் வரலாற்றில் எவ்ஸ்தாதியின் பெயர் பளிச்சென்று நின்றது.

பதறிப்போய் வெற்றியைத் திரும்ப எழுதப் போனார். திரை விடவில்லை. நாலாவது மீளமைப்புக்காகத் திங்கள் முடியும்வரை தடை. புகார் செய்தவர்: மூன்றாம் மாடி. புகாரும் அங்கேயே இருந்தது. ‘இவர் என் கணவர். தனக்காக மாற்றச் சொல்லி என்னைக் கூப்பிட்டதும் இவர்தான். நான் வந்த காரணத்தை மறைக்க விரும்பவில்லை. அதிகம் திட்ட வேண்டாம். கொஞ்சம் ஓய்வு கொடுத்தால் போதும்.’

எவ்ஸ்தாதி பால்கனிக்குப் போனார். அடுப்புக்கு எதிரே ஒரு முக்காலியும் ஒரு சின்னக் கத்தியும் தயாராக இருந்தன.

“குதிரைய வேணும்னேதான் விட்டியா?”

“கூட்டத்துக்கு ஆள் வரலன்னா அறிவிப்புல ஒரு தப்பு எழுதி ஒட்டுவேன். திருத்தறதுக்குன்னே எல்லாரும் இறங்கி வருவாங்க. முதல் ஆளா வர்றது நீதான்.”

அவர் உட்கார்ந்தார். சூடான மிளகாயை எடுத்தார். விரலைச் சுட்டுக்கொண்டார். ஜெயித்த சண்டையைத் தன் கையாலேயே அழித்த துக்கத்தோடு அப்படியே உரித்தார்.

மாலைக்குள் ரதோஸ்வேதாவின் கைபேசி இரண்டு முறை ஒலித்தது. விரல் நுனியைத் துடைத்துக்கொண்டு அவர் படித்தார்.

“கலைக்களஞ்சியத்துல உன் பேருக்கு ஒரு பதக்கம் வந்திருக்கு. ஓநாய் குடுத்திருக்காரு. ‘பகையை மறந்து உண்மையின் பக்கம் நின்றதற்காக’ன்னு போட்டிருக்கு.”

“வேண்டாம்னு எழுது.”

“பதக்கம் இருக்கறது உன் பேர்ல இருக்கற பக்கத்துல. நீதான் எழுதணும். உனக்குத்தான் தடையாச்சே.”

இன்னொரு மிளகாய் உரிந்தது. “ரெண்டாவது என்ன?”

“முதல் பக்கத்துல போடறதுக்கு முன்னால முடிவு என்னன்னு யாராவது பொதுவான ஆள் எழுதணுமாம். ஓநாய் என் பேரச் சொல்லியிருக்காரு. சொந்தப் புருஷனையே காட்டிக் குடுத்தவங்க, இவங்களவிட நடுநிலையா வேற யாரு கிடைப்பாங்கன்னு கேட்டிருக்காரு. கலைக்களஞ்சிய நிர்வாகியும் சரின்னுட்டாரு.”

எவ்ஸ்தாதியின் கை நின்றுவிட்டது. முகத்தில் புது வெளிச்சம். “அப்ப, ரதா, நீ என்ன எழுதப் போற? யாரு ஜெயிச்சாங்க?”

ரதோஸ்வேதா இரண்டாவது மூட்டையை அவிழ்த்து அவர் காலடியில் கொட்டினார்.

“நீ எத்தனை மூட்டை முடிக்கிறன்னு பாத்துட்டுச் சொல்றேன்.”