ஒருக்களித்துப் படுக்கும் பிரபு

அகத்தாவைப் பயமுறுத்துவது என்று அன்று காலை முடிவு செய்தேன்.

கட்டிய மனைவியைப் பயமுறுத்தலாமா என்று கேட்காதீர்கள். கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னைப் பயமுறுத்தித்தான் குடித்தனம் நடத்துகிறாள். ஒரு நாள் மாற்றிப் பார்த்தால் என்ன?

எங்கள் மகள் ஸ்டெஃபனி கல்யாணமாகி ஜொகூருக்குப் போனதும் அவளுடைய பின்னறை காலியானது. அடுத்த வாரமே அகத்தா தலையணையைத் தூக்கிக்கொண்டு அங்கே குடியேறிவிட்டாள்.

"உங்க குறட்டை குருண் மேட்டுல ஏறுற ரப்பர் பால் லாரி மாதிரி இருக்கு. நானும் எத்தனை வருஷம்தான் பின்னால நின்னு தள்ளுறது?"

நான் அதிகம் படித்தவனில்லை. படித்ததும் மறந்துவிட்டது. ஆனால் யார், எப்போது, என்ன சொன்னார்கள் என்பது மட்டும் மறக்காது. அகத்தாவின் தம்பி ஜெஃப்ரி, நாங்கள் இந்தச் சுங்கைப் பட்டாணி வீட்டுக்கு வந்தபோது ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தான். ஒரே மாதத்தில் பன்னிரண்டு மணியில் நின்றுவிட்டது. நான் அதைக் கழற்றவில்லை. பேட்டரியும் மாற்றவில்லை. அவன் வரும்போதெல்லாம் அதற்கு நேர் எதிரே நாற்காலி போட்டு உட்கார வைப்பேன்.

அப்படிப்பட்ட நான் அகத்தாவிடம் போய், "வா, முன்னறைக்குத் திரும்பி வா" என்று கேட்பேனா? கேட்டால் பால் லாரியை ஒப்புக்கொண்டதாகிவிடும். அவளாகவே வரவேண்டும்.

வெளியே சொல்லாதீர்கள், அவள் இல்லாமல் எனக்குத் தூக்கமே வரவில்லை. படுக்கையில் அவள் ஜெபமாலை உருட்டும்போது மணிகள் மெல்ல உரசும். அந்தச் சத்தத்தில்தான் எனக்குக் கண் மூடும்.

போன லீவில் ஸ்டெஃபனி டிவியில் ஒரு பெட்டியை மாட்டிவிட்டுப் போனாள். அதை நோண்டியபோது என் இளவயது உயிர் அதற்குள் கிடந்தது. இங்கிலாந்துக்காரன் எடுத்த பழைய பேய்ப் படங்கள்! மூடுபனி, மலைமேல் கோட்டை, குதிரை வண்டி. பகலெல்லாம் பெட்டிக்குள் மல்லாந்து படுத்திருந்து, இருட்டியதும் எழுந்து கறுப்பு அங்கி படபடக்க வரும் பிரபு. சாப்பாடு இரத்தம் மட்டும்.

எங்கள் ரப்பர் எஸ்டேட்டில் சம்பளம் போட்ட வாரம் திடலில் இரண்டு கம்பம் நட்டு வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டுவார்கள். தமிழ்ப் படம் கிடைக்காத மாதம் இந்தப் படம் வரும். பேசுவது ஒருவருக்கும் புரியாது. அலறுவது எல்லோருக்கும் புரியும். மறுநாள் விடியற்காலையில் பால்மரம் வெட்டத் தனியாகக் காட்டுக்குள் போக ஆள் கிடைக்காது. வேலை வாங்கும் மண்டோர் தலையில் அடித்துக்கொண்டு இரண்டு இரண்டு பேராக அனுப்புவார்.

ஓர் எஸ்டேட்டையே ஜோடி ஜோடியாக்கிய படம், ஓர் அகத்தாவை முன்னறைக்குக் கொண்டுவராதா?

ஒரு கவலைதான். பிரபுவுக்கு ஆகாதவை சிலுவையும் பூண்டும். எங்கள் வீட்டில் வாசலுக்கு வாசல் சிலுவை. பூண்டோ, அகத்தா வைக்கும் ரசத்துக்கு அந்த ஆள் கெடா மாநிலத்துக்குள்ளேயே வரமாட்டான். இருந்தாலும் முயன்று பார்ப்போம் என்று துணிந்தேன்.

மத்தியானம் ஜெராய் மலைப் பக்கம் இருட்டிக்கொண்டு மழை பிடித்தது. திரைச்சீலைகளை இழுத்துவிட்டேன். அகத்தா முருங்கைக்கீரைத் தட்டோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என்ன படம்?"

"வெள்ளைக்காரப் பேய்ப் படம். உனக்கு நெஞ்சு தாங்காது. வேணும்னா எழுந்து போயிடு."

"சீரியல் மாமியாரையே தாங்குறேன். போடுங்க லா."

படத்தில் வண்டிக்காரன் ஓர் இளைஞனைப் பாதி வழியில் இறக்கிவிட்டு ஓடினான். ஊரே வேண்டாம் என்றது. இளைஞன் கோட்டையை நோக்கி நடந்தான்.

"எல்லாரும் போகாதேங்கிறாங்க. இவன் ஏன் போறான்?"

"பேசாம பாரு."

"ஆம்பளைங்க எல்லா ஊர்லயும் ஒண்ணுதான்."

திடீரென்று என் கையைப் பிடித்தாள். "ஐயோ மாதாவே!" என்று திரையின் இடது ஓரத்தைப் பார்த்து அலறினாள். அங்கே ஒன்றுமில்லை, வெறும் தூண். ஒரு மூச்சு நேரம் கழித்துத்தான் பிரபு வந்தான். அதுவும் வலது பக்கமிருந்து.

படம் முழுக்க இப்படித்தான். பேய் வலப்பக்கம் வருவதற்குள் இவள் இடப்பக்கம் பார்த்து அலறினாள். பயத்தில் கை எது கால் எது என்று தெரியாமல் போய்விட்டது, மருந்து வேலை செய்கிறது என்று சந்தோஷப்பட்டேன். அவள் பிடித்த இடத்தில் கீரை ஒட்டியிருந்தது. தட்டிவிட மனம் வரவில்லை.

படம் முடிந்ததும் அகத்தா குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"என்னங்க, அந்தப் பின்னறையில நான் எப்படித் தனியா படுப்பேன்?"

"உன் இஷ்டம்" என்றேன். உள்ளே கோயில் மணி அடித்தது.

"முன்னறைக்கே வந்துடலாம். ஆனா அந்த ஜன்னல் சரியா மூட மாட்டேங்குதே. அந்த ஆளு அப்படித்தானே உள்ள வந்தான்?"

ஸ்டெஃபனி பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து நாளைக்குச் சரிசெய்கிறேன் என்று நான் சொல்லிவந்த ஜன்னல் அது. மறுநாளே சரிசெய்தேன்.

"கதவு கிரீச்சுங்குது. கோட்டைக் கதவு மாதிரியே."

எண்ணெய் விட்டேன்.

"அந்த மூலை இருட்டா இருக்கு. பார்த்தா நெஞ்சு படபடங்குது."

அறை முழுக்க வெள்ளையடித்தேன். முதுகு பிடித்துக்கொண்டது. அதற்கும் அவளே தைலம் தேய்த்தாள். இலாபக் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

"அப்புறம் அந்தக் கடிகாரம்."

"அதுக்கு என்ன?"

"எப்பப் பார்த்தாலும் பன்னிரண்டு மணி. பேய் நடமாடுற நேரத்தைச் சுவத்துல மாட்டிவச்சுட்டு என்னைத் தூங்கச் சொன்னா எப்படி?"

இது என் அடிமடியில் கை வைப்பது. ஜெஃப்ரிக்கு எதிரான ஒரே சாட்சி அது. ஒரு பொழுது முழுக்க யோசித்தேன். ஜெபமாலைச் சத்தம் ஞாபகம் வந்தது. கழற்றிவிட்டேன்.

"இன்னும் ஒண்ணே ஒண்ணு. நீங்க மல்லாந்து படுத்தா அசல் அந்தப் பிரபு பெட்டிக்குள்ள கிடக்கிற மாதிரியே இருக்கு. பயமா இருக்குங்க. கொஞ்சம் ஒருக்களிச்சுப் படுப்பீங்களா?"

ஒருக்களித்துப் படுத்தேன். அகத்தா தலையணையோடு வந்தாள். மணிகள் உரசின. ஜெயித்துவிட்டேன் என்று நினைப்பதற்குள் தூங்கிப்போனேன். குறட்டையே வரவில்லையாம்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஜெஃப்ரி வந்தான். தஞ்சோங் டாவாயில் வாங்கிய கருவாடும் கையுமாக, ஒரு வேனில் வந்தான். வேன் எதற்கென்று நான் கேட்கவில்லை. அவன் தன் வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்து வெறும் சுவரைப் பார்த்துத் திகைத்தான்.

"கடிகாரம் எங்க அத்தான்?"

"உங்க அக்காவுக்குப் பயம். ஒரு பேய்ப் படம் போட்டுக் காட்டினேன், ஆடிப்போயிட்டா" என்றேன் பெருமையாக.

குடித்த தேத்தண்ணி அவன் மூக்கில் ஏறியது.

"அக்காவா? அத்தான், அந்தப் பிரபு படம்னா அக்காவுக்கு உயிரு! நம்ம எஸ்டேட்ல பார்க்கும். மறுநாள் அதே படத்தைப் பார்க்கப் பக்கத்து டிவிஷனுக்குத் தனியா நடந்து போகும். காய்ச்சல்ல கிடக்கிறது நான்தான்."

"நான் முன்னாலதானே உட்கார்ந்திருப்பேன். அவளை அங்க ஒரு நாளும் பார்த்ததில்லையே?"

"முன்னால ஆபீஸ் கிராணி வீட்டு ஆளுங்க, டிரைவர் வீட்டு ஆளுங்க. மரம் வெட்டுற எங்க லயத்துக்கு ஏது இடம்? நாங்க எப்பவும் துணிக்குப் பின்னால. அங்கிருந்து பார்த்தா எல்லாம் கண்ணாடியில பார்க்கிற மாதிரி இடம் வலமா மாறித் தெரியும்."

வலப்பக்கம் வரும் பிரபு, துணிக்குப் பின்னாலிருந்து பார்ப்பவர்களுக்கு இடப்பக்கமிருந்து வருவான்.

நேரே சமையலறைக்குப் போனேன்.

"நீ பயப்படவே இல்லை."

"யாரு சொன்னா?"

"உன் தம்பி."

"அவனுக்குக் கருவாடு வாங்கத் தெரியும், வாயை மூடத் தெரியாது."

"அப்புறம் எதுக்கு என் கையைப் பிடிச்சே?"

"பிடிக்கணும்போல இருந்துச்சு." கருவாட்டை அலசிக்கொண்டே சொன்னாள். "வான்னு ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தா ஜன்னலைக்கூடக் கேட்டிருக்க மாட்டேன். உங்களுக்குத்தான் ரோஷமாச்சே."

குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டேன்.

"துணிக்குப் பின்னால ஒரு வசதி இருக்கு தெரியுமா? ஓரமா எட்டிப் பார்த்தா முன்னால இருக்கிறவங்க மூஞ்சியெல்லாம் வெளிச்சத்துல தெரியும். ஒரு தடவை பேய் வந்ததும் எல்லாரும் எழுந்து ஓடிட்டாங்க. ஒருத்தன் மட்டும் கண்ணை இறுக்க மூடிக்கிட்டு, பக்கத்துல இருந்த ஆட்டுக்குட்டியைக் கட்டிப்பிடிச்சு உட்கார்ந்திருந்தான். இவனைத்தான் கட்டிக்கணும்னு அன்னைக்கே முடிவு பண்ணேன்."

"பயந்தாங்கொள்ளியையா?"

"குட்டியை விட்டுட்டு ஓடாதவனை."

"பயந்தது நான் இல்லை. ஆட்டுக்குட்டி" என்றேன்.

"ஆமா, ஆமா. அதுதான் அலறுச்சு."

உள்ளே எனக்கு என்னவோ இளகிவிட்டது. இருந்தாலும் ஒரு மனிதனை இத்தனை ஏமாற்றினால் அவன் கோபத்தைக் காட்ட வேண்டாமா? முன்னறைக்குப் போய் என் தலையணையை எடுத்துக்கொண்டேன். இனி நான் பின்னறையில். கெஞ்சினாலும் வருவதில்லை.

பின்னறைக் கதவைத் தள்ளினேன். கட்டில் இல்லை. அது இருந்த இடத்தில் அகத்தாவின் தையல் மெஷின் உட்கார்ந்திருந்தது. ஜன்னலுக்கு வெளியே, வேன் மேல் ஒற்றைக் கட்டிலைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்த ஜெஃப்ரி கையசைத்தான்.

"அத்தான், அடுத்த தடவை உங்களுக்குப் புதுக் கடிகாரம் கொண்டாறேன்!"

தலையணையும் கையுமாக நின்றேன். சமையலறையிலிருந்து அகத்தா குரல் கொடுத்தாள்.

"என்னங்க, தலையணையை எடுத்ததுதான் எடுத்தீங்க, என்னோடதையும் சேர்த்து வெயில்ல போட்டுடுங்க!"