ஆளுநர் முகம் போன காசு

பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரைத் தொட்டிருக்கக் கூடாது என்று அருங்காட்சியகக் காவலருக்குப் புரிந்தபோது, ஆளுநரின் மூக்கு போயிருந்தது.

கடல் கடந்து வந்தவர்கள் இந்த ஊரில் குடியேறிய நூறாம் ஆண்டு நினைவாக அச்சடித்த வெள்ளிக்காசு அது. ஒரு பக்கம் முதல் ஆளுநரின் முகம், மறுபக்கம் கப்பல். கருத்துப்போய்க் கிடந்தது. நாளை ஆளுநரின் கொள்ளுப்பேத்தி அதைப் பார்க்க வருகிறார். பளிச்சென்று இருக்கட்டுமே என்று நினைத்தது ஒரு குற்றமா? ஓய்வு பெற மூன்றே மாதம் இருக்கிற மனிதர், போகும்போது நல்ல பெயரோடு போக ஆசைப்பட்டார்.

மனைவிக்குப் போன் போட்டார்.

"மறுபடி கருக்க வச்சிட்டா மூக்கு யாருக்குத் தெரியப் போகுது? அவிச்ச முட்டையோட டப்பால போட்டு மூடுங்க. நம்ம வெள்ளி ஸ்பூன் அப்படித்தானே நாசமாச்சு."

மூடினார். மதியம் திறந்தால் காசு அடுப்புக்கரி மாதிரி இருந்தது. வாடை வேறு.

"ரொம்பக் கருத்திடுச்சு."

"எத்தனை முட்டை வச்சீங்க?"

"ஆறு."

"ஒரு காசுக்கு ஆறா? சரி, லேசா தேச்சு விடுங்க."

லேசாகத்தான் தேய்க்க நினைத்தார். பயத்தில் அழுத்தித் தேய்த்துவிட்டார். கண் போனது, வாயும் போனது. வழுவழுப்பு மட்டும் மிஞ்சியது.

"கப்பல் மேல இருக்கிற மாதிரி திருப்பி வச்சிடுங்க" என்றாள் மனைவி. அவள் குரலிலும் இப்போது தெம்பில்லை.

மறுநாள் காலை, விருந்தாளி அம்மாள் கப்பலை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, மறுபக்கத்தைக் காட்டும்படி சைகை செய்தார். அருங்காட்சியக இயக்குநர் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து காசைத் திருப்பினார்.

"என்ன இது?"

முப்பத்தோரு வருடம் எந்தப் பொருளிலும் கீறல் விழாமல் காத்தவர் தலைகுனிந்தார். பயத்தைவிட வெட்கம்தான் அதிகமாக இருந்தது.

"நான்தான் சார். சுத்தம் பண்ணப் போய் இப்படி ஆயிடுச்சு."

கூட வந்திருந்த மொழிபெயர்ப்பாளர் அதை அம்மாளிடம் மெல்லச் சொன்னார். அவர் காசைக் கையில் வாங்கி, முகம் இருந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். கண் கலங்கியது. தன் மொழியில் நெடுநேரம் பேசினார். நடுவில் குரல் உடைந்தது. வேலை போயிற்று என்றே காவலர் முடிவு கட்டிவிட்டார்.

"என்ன சொல்றாங்க?" என்றார் இயக்குநர்.

மொழிபெயர்ப்பாளர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இங்க இருந்தவங்களை வெட்டிச் சாய்ச்சு ஊரைப் பிடிச்சவரோட முகத்தை எடுத்திடுங்கன்னு இவங்க குடும்பம் உங்களுக்கு நாற்பது வருஷமா மனு போடுதாம், நடவடிக்கை எடுத்த முதல் ஆள் இவர்தானாம்."