மாவு அக்கா ஒட்டிய ஏல நோட்டீஸ்

திண்டுக்கல்லில் எத்தனையோ பேங்க் இருக்கிறது, பிள்ளைகளே. ஆனால் ஒரு பைசா கடன் கொடுக்காமலே தவணை கேட்ட ஒரே பேங்க் மாவு அக்காதான்.

நாகல் நகரில் எங்கள் வாடகை வீட்டுக்கு எதிரே இட்லி மாவு விற்றார். அதை வைத்தே கடன் அடைத்து, தனி ஆளாய்த் தன் பெயரில் வீடு வாங்கியவர். அதனால்தான் மில்லுக்குப் போய் முன்பணம் சேர்த்த உங்கள் அம்மா, சொந்த வீட்டு ஆசையை என்னிடம் சொல்வதற்கு முன்னால் அக்காவிடம் சொன்னாள்.

"மாசத் தவணை எம்புட்டு வரும் தாயி?"

"பதினெட்டாயிரம்க்கா."

"வாடகை?"

"ஆறு."

"மிச்சப் பன்னண்டாயிரத்த இப்பருந்தே உன் பேர்ல தனிக் கணக்குல போடு. கடன் வாங்கிட்டதா நெனச்சுக்க. நாந்தான் பேங்கு."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தோம். ஐந்தாம் தேதி காலையில், கையில் மாவுக் கரண்டியோடு வாசலில் நின்று தெருவே அதிரக் கத்தினார்: "தவணை கட்டியாச்சா?"

அம்மா ஓடிப்போய் பாஸ்புக்கைக் காட்டினாள். காசை அக்கா தொடமாட்டார், பார்ப்பதோடு சரி. பக்கத்து வீட்டுக்காரர் என்னைத் தனியே கூப்பிட்டு, "கடன் ரொம்பவாப்பு?" என்று துக்கம் விசாரித்தார்.

மூன்றாம் மாதம் நான் ஒரு பெரிய டிவி வாங்கித் தொலைத்தேன். கணக்கில் ஒன்றும் விழவில்லை.

"டிவிக்குள்ளயா குடியிருக்கப் போறீக?" அவ்வளவுதான் கேட்டார். போய்விட்டார்.

மறுநாள் கதவில் ஒரு தாள், இட்லி மாவால் ஒட்டியிருந்தது. 'தவணை கட்டாததால் இவ்வீடு ஏலத்துக்கு வருகிறது.'

எங்களுக்கு முன்னால் வீட்டு ஓனர் பார்த்துவிட்டார். "ஏலே, வாடகைக்கு இருந்துக்கிட்டு என் வீட்டயாடா அடமானம் வச்ச?" அக்கா வந்து விளக்கம் சொல்வதற்குள் இரண்டு பேர் விலை கேட்டுவிட்டார்கள்.

தெருவே சிரித்தது. உங்கள் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "பேங்குல நெசமாவே இப்பிடி ஒட்டிருவாங்களாக்கா?"

"ஒட்டாமயா? ஒரு டிவிக்கே தாங்கல. இந்தத் தவணை உங்களுக்குப் பெருசு தாயி. வீட்டச் சின்னதாப் பாரு, ஆசையச் சின்னதாக்காத."

டிவியை விற்றோம். நத்தம் ரோட்டில் ஒரு ரூம் குறைவாக, பன்னிரண்டாயிரம் தவணையில் வாங்குகிற மாதிரி வீடு பார்க்க ஆரம்பித்தோம். வில்லங்கச் சான்று பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்க அக்கா விடவில்லை. கிடைக்கும்வரை பதினெட்டு மாதம், வாடகை போக மாதம் ஆறாயிரம் என்று ஒத்திகை நடந்தது. அந்தப் பணம் பத்திரச் செலவில் பெரும்பகுதிக்கு ஆயிற்று.

"பத்திரத்துல என் பேரும் சேத்துப் போடலாமேக்கா?" என்றேன்.

"சாட்சிக் கையெழுத்து இருக்குல்லப்பு, அதப் போடு."

போட்டேன். பத்திரம் உங்கள் அம்மா பெயரில்.

இப்போது ஐந்தாம் தேதி பேங்க் தானாகவே எடுத்துக்கொள்கிறது. போனில் ஒரு சத்தம், அவ்வளவுதான். அன்றைக்கு மட்டும் அம்மா ஏன் பஸ் ஏறி நாகல் நகர் போய் மாவு வாங்குகிறாள் என்று கேட்டீர்களே? நம் தெருவிலும் மாவு கிடைக்கும்தான். "தவணை கட்டியாச்சா?" என்று கேட்கத்தான் ஆள் இல்லை.